கடைசி வள்ளத்துக்கு இடமில்லை

"தொடாதை!"

சின்னத்தங்கத்தின் குரலில் செத்தவீடே திடுக்கிட்டது. செபம் சொல்லிக்கொண்டிருந்த பெண்கள் பாதியில் நிறுத்தினார்கள்.

பெட்டிக்குள் அவள் கணவன் வின்சன்ற். கடல் இரண்டு நாள் வைத்திருந்துவிட்டுத் திருப்பிக் கொடுத்த உடம்பு. முகத்தைத் துணியால் மூடியிருந்தார்கள்.

பெட்டியின் விளிம்பில் கை வைத்த மகன் லெனாட், சுட்டதுபோல் கையை இழுத்துக்கொண்டான்.

"தேப்பனைக் கொன்ற கை. அந்தக் கையாலை பெட்டி தூக்கப்போறியோ? போ வெளியிலை."

போனான்.

பின்னாலேயே றிஸ்னா போனாள். லெனாட்டோடு நெல்லியடிக் கணினிக் கம்பனியில் ஒரே மேசையில் வேலை செய்பவள். முஸ்லிம்கள் வாழும் சோனகத் தெருவில் அவள் குடும்பத்தில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள். அவளுக்குத் துக்கம் வந்தாலும் கோபமாகத்தான் வரும்.

குருநகர் இறங்குதுறையில் வைத்து அவனைப் பிடித்தாள்.

"ஏனடா வாயை மூடிக்கொண்டு நிண்டனி?"

"என்னத்தைச் சொல்ல? நான் எழுதின புரோகிராம். அப்பா பட்டனை அமத்தியிருக்கிறார்... கரைக்கு ஒண்டும் வரேல்லை."

வள்ளங்களுக்கு அபாயக் கருவி பூட்டியது அவர்களின் கம்பனி. கடலில் பட்டனை அமத்தினால், கரையில் உள்ள சேவர் கணினியின் திரையில் அந்த வள்ளம் சிவப்பாக எரிய வேண்டும்.

வின்சன்ற் அமத்தினார். எரியவில்லை.

பிழை லெனாட்டினுடையது என்று முதலாளி கனகசபாபதி நேற்றே ஊருக்குச் சொல்லிவிட்டார்.

றிஸ்னா மடிக்கணினியைத் திறந்தாள்.

"இதைப் பார். திங்கள் விடிய சேவர் கத்தியிருக்குது. பெரிய பக்கம் முடிஞ்சு போச்சாம்."

"பெரிய பக்கமோ? நான் அதைப் பாவிக்கவே இல்லையே."

"அதைத்தான் நானும் சொல்லுறன்."

சேவரின் நினைவகத்தைப் பங்கிட்டுக் கொடுப்பது, இயங்குதளத்தின் நடுப்பகுதியான கேர்னல். சின்னச் சின்னப் பக்கங்களாகக் கொடுக்கும். எல்லாப் புரோகிராமும் சேர்ந்து பார்க்கும் பொது நினைவகத்தில் ஒவ்வொரு வள்ளத்துக்கும் ஒரு துண்டு. யாரோ அதைப் பெரிய பக்கத்துக்கு மாற்றியிருக்கிறார்கள். பெரிய தரவென்றால் வேகம்தான்; ஆனால் பெரிய பக்கங்கள் எண்ணிக்கையில் கொஞ்சம்தான். ஒரு வள்ளத்தின் விபரமோ எவ்வளவு?

"ஒவ்வொரு சின்னச் சூடை மீனுக்கும் ஒவ்வொரு ஐஸ்பெட்டி குடுத்த கதை," என்றாள் றிஸ்னா. " பெட்டி முடிஞ்சால், பிறகு வாற மீன் வெளியிலை."

லெனாட் இறங்குதுறைக் கல்லில் குந்தினான்.

"அப்பா எல்லாற்றை வள்ளத்தையும் தள்ளி விட்டிட்டு... கடைசியாத்தான் இறங்குவார்."

றிஸ்னா கடலைப் பார்த்தாள்.

"இப்ப எல்லாம் சரியாக் கிடக்கே?" என்றான் அவன், கணினித் திரையைப் பார்த்து.

"மாத்தினவனே திருப்பி மாத்திப்போட்டான். கடவுச்சொல் தெரிஞ்சது மூண்டு பேருக்கு. நீ, நான், கனகசபாபதி சேர்."

"என்னைத்தான் சொல்லுவினம்."

அப்போது செத்தவீட்டு வாசலில் கார் வந்து நின்றது.

கனகசபாபதி. வெள்ளைச் சேட்டு, கையில் மலர்வளையம்.

றிஸ்னா ஓடினாள். பின்னால் வந்த லெனாட் தெருவிலேயே நின்றுவிட்டான்.

"அம்மா, பொடியன் விட்ட பிழைக்கு நான் மன்னிப்புக் கேக்கிறன்," என்று அவர் சின்னத்தங்கத்திடம் சொல்லிக்கொண்டிருந்தார். "அவன்மேலை பொலிசுக்குப் போகமாட்டன்."

"பெரிய மனசு சேர்," என்றாள் றிஸ்னா. "பெரிய பக்கத்தை ஆர் போட்டது?"

"வேறை ஆர், லெனாட்தான். கொழும்பிலையிருந்து ஆக்கள் பாக்க வருகினம், திரை கெதியா ஓடவேணும் எண்டு போட்டவன்."

"சோதிக்காமலோ?"

"சோதிச்சவன், பிள்ளை. ஞாயிறு காலமை. குருநகர் வள்ளம் முழுக்கக் கடலிலை நிக்கேக்கை போட்டுப் பாத்து, ஒரு பிசகும் இல்லையெண்டு சொன்னவன். நானும் நம்பிப்போட்டன்."

செபம் சொன்ன பெண்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

ஏன் என்று றிஸ்னாவுக்கு விளங்கவில்லை.

சின்னத்தங்கம் மெல்ல எழும்பினாள்.

"ஞாயிறோ ஐயா?"

"ஓம் அம்மா."

"ஞாயிறு எங்கடை சனம் தொழிலுக்குப் போறேல்லை. பூசை நாள். வள்ளம் முழுக்கக் கரையிலை கிடக்கும்."

மலர்வளையம் சாய்ந்தது.

"குருநகரிலை பிறந்தவன் வள்ளத்தைச் சோதிக்க ஞாயிறு பாப்பானோ? அண்டைக்கு அவன் எனக்குப் பக்கத்திலை முழங்காலிலை நிண்டவன். தேப்பனும் நிண்டவர்..." குரல் உடைந்தது. "அவற்றை கடைசிப் பூசை."

றிஸ்னாவுக்கு இப்போது எல்லாம் தெரிந்தது. ஞாயிறன்று திரையில் நின்றது வேறு ஊர் வள்ளங்கள் சில. பெரிய பக்கம் தாராளமாகப் போதும். திங்கள் விடியத்தான் குருநகரே கடலில் இறங்கியது.

"போட்டது நீங்கள்," என்றாள். "வெறுங் கடலைப் பாத்திட்டுச் சரி எண்டிருக்கிறீங்கள்."

"தெரியாமல் நடந்தது பிள்ளை..."

"போட்டது தெரியாமல். உடம்பு கரை ஒதுங்க முந்தித் திருப்பி எடுத்தது? அவன்ரை தலையிலை கட்டினது?"

கனகசபாபதி காரை நோக்கிப் பின்வாங்கினார்.

சின்னத்தங்கம் தெருவுக்கு நடந்தாள். மகனின் கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்தாள். அந்தக் கையைப் பெட்டியில் வைத்து, தன் கையை அதன்மேல் வைத்தாள்.

"தலைமாட்டைப் பிடி மோனை."

லெனாட் தூக்கவில்லை. பெட்டியில் நெற்றியை வைத்து அழுதான். இரண்டு நாளில் முதன்முறையாக.

யாரும் அவசரப்படுத்தவில்லை.

பெட்டி கோயிலுக்குப் புறப்பட்டது. கனகசபாபதியின் காரைச் சுற்றி ஆட்கள் பேசாமல் நின்றார்கள். யாரோ பொலிசுக்கு அறிவித்திருந்தார்கள்.

அவர் றிஸ்னாவின் பக்கமாக ஒதுங்கினார்.

"பிள்ளை... பேப்பரிலை என்ரை பேர் வருமோ?"

றிஸ்னா கண்ணைத் துடைத்தாள்.

"வரும் சேர், பொலிஸ் செய்தியிலை. ஆனால் பயப்பிடாதீங்கோ, மரண அறிவித்தல் பக்கத்திலை வராது."