ஏர் ஃபில்டரில் வெள்ளைத் தூள்

காலை பத்தே கால் மணி. மேம்பால ஏற்றத்தின் பாதியில் மருந்துக்கடை ஸ்கூட்டர் விக்கி விக்கி நின்றுவிட்டது.

ஓட்டி வந்தவள் அந்தக் கடையின் சொந்தக்காரி. அக்கம்பக்கத்தில் அவளுக்குத் ‘துருவி’ என்று பட்டப்பெயர். எதையும் துருவித் துருவிக் கேட்காமல் விடமாட்டாள். வண்டியைத் தள்ளிக்கொண்டு பாலத்தடியில் இருந்த உதிரிபாகக் கடைக்குப் போனாள்.

கடைக்காரம்மா ஏர் ஃபில்டரைக் கழற்றி மேசையில் தட்டினாள். வெள்ளைத் தூள் பொலபொலவென்று கொட்டியது.

“எப்ப மாத்துனீங்க?”

“போன மாசம்தான். உங்ககிட்டதான் வாங்கினேன்.”

“ஒரே மாசத்துல இப்படி அடைக்காதும்மா. இதுல ரெண்டு மாதிரி இருக்கு. வெறும் பேப்பர் ஃபில்டர் தார் ரோட்டுக்குப் போதும். எண்ணெய் தடவினது தூசி அதிகமான இடத்துக்கு. வண்டி எங்க போகுதுன்னு சொல்லுங்க, எது வேணும்னு நான் சொல்றேன்.”

துருவி விழித்தாள். கடை, ஆஸ்பத்திரி, மருந்து கேட்பவர்களின் வீடுகள். எல்லாம் தார் ரோடுதான். பிறகு இந்தத் தூள் எங்கிருந்து வந்தது?

“இப்போதைக்குக் காத்தடிச்சு மாட்டிக் குடுங்க. கண்டுபிடிச்சிட்டு வந்து வாங்கிக்கறேன்” என்று தூளைக் காகிதத்தில் மடித்துக்கொண்டாள்.

கடைக்குத் திரும்பியபோது அங்கே வேறு ரகளை. வீடுகளுக்கு மருந்து கொண்டுபோய்க் கொடுக்கும் ‘சுருட்டை’யை அவள் கணவர் நிற்கவைத்து வறுத்துக்கொண்டிருந்தார்.

“மீட்டர் நகர்றதே இல்ல, டேங்க் மட்டும் காலியாகுது. பெட்ரோல் என்ன, ஆவியாவா போகுது? இன்னியோட நின்னுக்கோ!”

துருவி காகிதத்தைப் பிரித்தாள். கணவர் துள்ளினார். “மாவு! இவன் மச்சான் மாவு மில்லுலதானே இருக்கான்? வண்டி அங்கதான் போகுது!”

கடைக்கு மேலே மாடி வீட்டிலிருந்து மாமனாரின் இருமல் கேட்டது. பத்திரிகை ஆபீசில் பிழை திருத்துபவராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். மூட்டு அறுவை சிகிச்சையோடு வீட்டில் முடங்கியவருக்கு இந்த இருமலும் சேர்ந்துகொண்டது. துருவி கொடுத்த எந்த சிரப்புக்கும் அது கேட்கவில்லை.

அவள் சுருட்டையின் பக்கம் திரும்பினாள்.

“மில்லுக்குப் போனீங்களா?”

“இல்லக்கா.”

“பெட்ரோல் எடுத்தீங்களா?”

“சத்தியமா இல்ல.”

“வண்டிய வேற யாராவது எடுக்கறாங்களா?”

சுருட்டை தரையைப் பார்த்தார். வேலை போகிற நேரத்திலும் வாயைத் திறக்கவில்லை. அந்த மௌனம்தான் அவளை உறுத்தியது.

அலமாரியிலிருந்து அயோடின் புட்டியை எடுத்தாள். ஒரு பிஸ்கட் துணுக்கின் மேல் ஒரு சொட்டு. சட்டென்று கறுத்தது. தூளின் மேல் ஒரு சொட்டு. பழுப்பாகவே இருந்தது.

“மாவுன்னா கறுத்திருக்கணும். இது மாவு இல்லைங்க.”

அடுத்து எலுமிச்சையை அறுத்துப் பிழிந்தாள். தூள் சுர்ரென்று நுரைத்தது.

“புளிப்பு பட்டா நுரைக்கறது பளிங்குக் கல்லோட தூள்! பின்தெருவுல கல்லறைக் கல் அறுக்கற பட்டறை இருக்குல்ல?”

“கூப்பிடு தூரம். அங்க போறதுக்கு அத்தனை பெட்ரோலா?” என்றார் கணவர்.

“ஓடல, நின்னுருக்கு. எஞ்சினை அணைக்காமலே நின்னுருக்கு. அதான் மீட்டர் நகரல, தூளை மட்டும் இழுத்து இழுத்து அடைச்சிருக்கு. ஏன் அணைக்கல? நம்ம வண்டியில செல்ஃப் வேலை செய்யாது. உதைச்சாத்தான் கிளம்பும். உதைக்க முடியாதவங்க அணைக்கமாட்டாங்க. நம்ம வீட்டுல யாரால உதைக்க முடியாது?”

கணவரின் கண்கள் தானாக மாடிப்படிக்குப் போயின. கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறங்கி வந்துகொண்டிருந்தார் மாமனார்.

“அவனைத் திட்டாதடா. நீங்க ரெண்டு பேரும் மத்தியானம் தூங்குற நேரத்துல வண்டிய உதைச்சுக் குடுக்கறது மட்டும்தான் அவன். யார்கிட்டயும் சொல்லாதேன்னு நான்தான் சத்தியம் வாங்கினேன்.”

“அங்க என்ன மாமா வேலை?” என்றாள் துருவி.

“ஒரு கல்லுல ‘பள்ளி கொண்டார்’னு வெட்டறதுக்குப் பதிலா ‘பல்லி கொண்டார்’னு எழுதி வெச்சிருந்தாங்கம்மா. பேப்பர்ல தப்பு வந்தா மறுநாள் வருத்தம் போடலாம். கல்லுல வந்தா? வெட்டறதுக்கு முன்னால நான் பாத்துக் குடுக்கறேன். எனக்கும் ஒரு வேலை ஆச்சு.”

கணவர் சிரித்துவிட்டார். துருவி சிரிக்கவில்லை. அவள் மேசையில் கிடந்த தூளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“மாமா, இருமல் எப்பலேர்ந்து? பட்டறைக்குப் போக ஆரம்பிச்ச பிறகா?”

பெரியவர் யோசித்தார். மெல்லத் தலையசைத்தார்.

“வண்டிக்காவது முன்னால ஒரு ஃபில்டர் இருந்துச்சு, மாமா. உங்களுக்கு?”

அன்று பிற்பகலே நெஞ்சை எக்ஸ்ரே எடுத்தார்கள். “பெரிசா ஒண்ணும் இல்ல. ஆனா இனிமே தூசிப் பக்கமே போகக்கூடாது” என்றார் டாக்டர். துருவி நேராகப் பட்டறைக்குப் போய்ப் பேசினாள். செதுக்கவேண்டிய வாசகங்கள் இனி வீட்டுக்கே வரும். பாலத்தடிக் கடையில் வெறும் பேப்பர் ஃபில்டரே போதும் என்று வாங்கி மாட்டினாள்.

சாயங்காலம் கணவர் சுருட்டையின் முன் தயங்கித் தயங்கி நின்றார்.

“ஏதோ கோவத்துல... விடுப்பா, மனசுல வெச்சுக்காத.”

நாற்காலியில் இருந்த மாமனார் கண்ணாடியை மூக்கின் மேல் ஏற்றிக்கொண்டார்.

“ஒரு வார்த்தை விட்டுப்போச்சு. ‘மன்னிச்சிடு’. அதையும் சேத்து முதல்லேர்ந்து சொல்லு.”