உலாமிலா கேட்ட கரை

மட்டியின் ஓட்டைப் பிளந்து மூக்கருகே கொண்டுபோன அம்மா முகத்தைச் சுளித்தாள். உலாமிலாவும் மோந்து பார்த்தாள். ஒரே நாற்றம்.

ஆற்று வளைவில் ஓராண்டுக்கு யாரும் மட்டி எடுக்க வேண்டாம் என்று ஊர்க் கூட்டத்தில் எழுந்து பேசியவள் அம்மாதான். சின்ன மட்டிகள் பெருகட்டும், பிறகு எல்லார் வீட்டுச் சட்டியிலும் இருக்கும் என்றாள். மற்றப் பெண்கள் அரை மனதோடு தலையாட்டினார்கள். வளைவைத் திறக்க இன்னும் மூன்று மாதம் இருந்தது. எப்படி வளர்ந்திருக்கிறது என்று பார்க்கத்தான் அம்மா ஒன்றே ஒன்றை எடுத்து வந்திருந்தாள்.

மட்டி இப்படி நாறினால் இனி அம்மா பேச்சை யார் கேட்பார்கள்? ஓராண்டு காத்திருந்ததே வீண் என்பார்கள்.

"மேலேர்ந்துதான் என்னமோ கலந்து வருது" என்றாள் அம்மா.

அந்தச் சனிக்கிழமை உலாமிலா கரையோரமாகவே மேல்நோக்கி நடந்தாள். இரண்டு வளைவு தாண்டியதும் காரணம் கண்ணில் பட்டது. தண்ணீரை ஒட்டி ஒரு பன்றிக் கொட்டில். உள்ளே ஏழு பன்றிகள். முந்தின நாள் மழை அங்கிருந்த அத்தனையையும் ஆற்றுக்குள் கழுவி விட்டிருந்தது.

கொட்டில் யாருடையது என்று அவளுக்குத் தெரியும். இலியேசா மாமா, அம்மாவின் சொந்தத் தம்பி.

வீட்டுக்கு வந்து சொன்னபோது அம்மா கைவேலையைக் கீழே வைத்தாள். வளர்ந்த பிறகு அக்காளும் தம்பியும் முகம் பார்த்துப் பேசுவது அந்த ஆற்றங்கரை ஊர்களில் வழக்கமில்லை. அது அவர்கள் ஒருவருக்கொருவர் காட்டும் மரியாதை. வேறு யாரையாவது அனுப்பினாலோ, புகார் ஆகிவிடும்.

"ஊர் முன்னாடி அவன் தலைகுனிஞ்சு நிக்கணுமா? வேண்டாம், விடு" என்றாள் அம்மா.

உலாமிலா விடவில்லை. அடுத்த சனிக்கிழமை மாமா வீட்டு வாசலில் போய் நின்றாள்.

"அம்மா, வசு வந்துட்டா. நல்ல பாயையெல்லாம் ஒளிச்சு வை" என்று உள்ளே குரல் கொடுத்தாள் மாமா மகள் கினி.

அக்காள் பிள்ளையைத்தான் வசு என்பார்கள். தாய்மாமன் வீட்டில் வசு எதைக் கேட்டாலும் இல்லை என்று சொல்லக் கூடாது. போன தடவை உலாமிலா கேட்டது கினியின் புதுச் செருப்பு. கினி அதை இன்னும் மறக்கவில்லை.

மாமா சிரித்தபடி பாயைத் தட்டிப் போட்டார். "சொல்லு தாயி, இன்னைக்கு என்ன வேணும்? கொழுத்த பன்னி ஒண்ணு இருக்கு."

"பன்னி வேண்டாம் மாமா. அது நிக்கிற கரை வேணும்."

அத்தையின் கையில் அகப்பை அப்படியே நின்றது.

"கரையை வெச்சுக்கிட்டு நீ என்ன பண்ணுவே?"

"சும்மா விட்டுடுவேன். புல்லு முளைக்கட்டும். அங்கேர்ந்து வர்ற தண்ணிதான் மாமா எங்க வளைவுல நிக்குது. மட்டியெல்லாம் நாறுது. அம்மா பாவம்..."

மாமா ஆற்றுப் பக்கம் பார்த்தார். மேட்டுக்குத் தண்ணீர் சுமந்து இடுப்பு ஒடிந்ததால்தான் கொட்டிலைக் கீழே கொண்டுவந்தாராம். அங்கிருந்து வழியும் கழிவு எங்கே போய்ச் சேரும் என்று அவர் யோசிக்கவே இல்லை.

"மேல கட்டினா தண்ணி யாரு தூக்குறது?"

உலாமிலா அதையும் யோசித்து வைத்திருந்தாள். சேப்பங்கிழங்குத் தோட்டத்துக்கு மேலே ஓர் ஊற்று இருந்தது. மூங்கிலைப் பிளந்து சரிவாக வைத்தால் தண்ணீர் தானாக இறங்கி வரும். பன்றிச் சாணம் கிழங்குக்கு எருவாகும்.

"செருப்போட விட்டிருக்கலாம். இப்ப மூங்கிலையும் நாமதான் சுமக்கணும்" என்று முனகினாள் கினி.

"வசு வாயால கேட்டாச்சு. குடுத்துடுங்க" என்றாள் அத்தை.

மாமா கொடுத்துவிட்டார். மூன்று சனிக்கிழமை வேலை. உலாமிலாவும் கினியும் மூங்கிலின் ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டு, ஒருத்தி வேகமாக நடப்பதாக மற்றவள் குறை சொல்லியபடியே மேடு ஏறினார்கள். ஒரு பன்றி தப்பி ஓடியது. துரத்திய மாமா கிழங்குச் சேற்றில் முகம் குப்புற விழுந்தார். அன்று முழுவதும் அத்தைக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

பிறகு பெருமழைகள் வந்து ஆற்றைக் கழுவிக்கொண்டு போயின.

வளைவைத் திறந்த காலையில் பெண்கள் எல்லாரும் கரையில் நிற்க, அம்மா முதலில் மூழ்கினாள். இரண்டு கை நிறைய மட்டியோடு எழுந்தாள். உள்ளங்கை அளவு ஒவ்வொன்றும். ஒன்றைப் பிளந்து, மோந்து பார்த்து, கரையோரம் நின்ற ஒரு பெண்ணிடம் நீட்டினாள். அவளும் மோந்தாள். அடுத்த நொடி பெண்கள் அத்தனை பேரும் தண்ணீரில் இருந்தார்கள்.

பெரியதை மட்டும் எடுத்துக்கொண்டு சின்னதைத் திரும்பப் போடச் சொன்னாள் அம்மா. இந்தத் தடவை யாரும் அரை மனதோடு தலையாட்டவில்லை.

மதியம் தேங்காய்ப் பாலில் கொதித்த மட்டியை அம்மா முதலில் ஒரு தூக்குச்சட்டியில் ஊற்றி மூடினாள்.

"மாமாவுக்கு" என்றாள்.

"என்னம்மா சொல்லட்டும்?"

அம்மா மூடியை இன்னொரு தடவை அழுத்தினாள். கண்ணோரம் லேசாகப் பளபளத்தது.

"ஒண்ணும் சொல்ல வேண்டாம். ஆறுறதுக்குள்ள குடிக்கச் சொல்லு."