மூக்குப்பாறையில் நின்றவர்கள்

குங்கிலியமேட்டில் பொழுது புலர்ந்ததும் வாசல்கள் ஒவ்வொன்றாகத் திறக்கும். வீட்டுக்காரர் தூக்கம் கலையாத கண்ணோடு வந்து, தன் மணிக்கட்டிலிருந்து நலவளையத்தைக் கழற்றி, படியில் காத்திருக்கும் நடையாளின் மணிக்கட்டில் மாட்டுவார். நடையாள் தெருவில் இறங்கும். அவர் கதவைச் சாத்திக்கொண்டு மறுபடி படுக்கப் போவார். சிறிது நேரத்தில் ஊரின் பாதி, மனிதர் உயரத்தில், சாம்பல் நிறத்தில், சத்தமில்லாமல் சோலைப்பாதையை நோக்கி நடந்துகொண்டிருக்கும்.

அப்போது எல்லா மலையூர்களிலும் இதுதான் வழக்கம். நலக்காப்புச் சட்டப்படி ஒவ்வொருவரும் நாள்தோறும் திறந்தவெளியில் குறித்த தூரம் நடந்தாக வேண்டும். நடை குறைந்தவருக்கு நெஞ்சுவலி வந்தால், மருத்துவமனை வரிசையில் அவர் இடம் பின்னால் போய்விடும். வளையம் நடையையும் நாடியையும் சேர்த்துக் கணக்கிடும். முதலில் மக்கள் அதை நாயின் கழுத்தில் மாட்டிப் பார்த்தார்கள். நாயின் நாடி காட்டிக்கொடுத்துவிட்டது. அதன் பிறகுதான் நடையாள் என்ற நடக்கும் எந்திரம் சந்தைக்கு வந்தது. அதன் மணிக்கட்டுக்குள் ஒரு பொய்நாடி துடிக்கும். சொந்தக்காரரின் வயதுக்கும் எடைக்கும் தகுந்தபடி மேட்டில் கூடும், சரிவில் தணியும். இது அதிகாரிகளுக்கும் தெரியும். அவர்கள் வீட்டிலும் நடையாள் இருந்தது.

என் கணவர் இன்னாசி நகராட்சியில் பாதைக் காவலர். சோலைப்பாதையைக் கூட்டுவது, விழுந்த மரங்களை அறுத்து ஒதுக்குவது, மழை அரித்த இடத்தில் கல் பாவுவது பாதி வேலை. ஊராரையும் சுற்றுலா வருகிறவர்களையும் பாதைக்கு அழைத்துவருவது மீதிப் பாதி. முதல் பாதியை அவர் நன்றாகச் செய்தார். இரண்டாம் பாதிக்காக பஸ் ஸ்டாண்டில் போய் நிற்பார்.

“ஒரு மணி நேரம்தான் சார். மூக்குப்பாறையில நின்னா பள்ளத்தாக்கு முழுசாத் தெரியும். மேகம் நமக்குக் கீழ போகும்.”

“போட்டோ இருக்கா?”

“இருக்கு.”

“அனுப்பி விடுங்க, போதும்.”

சுற்றுலா வருகிறவர்களுக்கு லாட்ஜிலேயே வாடகை நடையாள் கிடைத்தது. அவர்கள் அறையில் போர்த்திப் படுத்திருப்பார்கள். நடையாள் போய்ப் படம் எடுத்துக்கொண்டு திரும்பும். கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தால், காட்டுக்குள் போய்வந்த மணம் வரட்டும் என்று அதன் தோளில் தைல வாசனை தெளித்து அனுப்புவார்கள்.

ஒருமுறை பாறையடியில் எல்லோருக்கும் சுக்குக் காப்பி இலவசம் என்று இன்னாசி அறிவித்தார். விடியுமுன் பானையைத் தோளில் வைத்துக்கொண்டு போனார். திரும்பி வந்தபோது பானை காலியாக இருந்தது. ஆட்கள் வந்தார்களா என்று ஆவலாகக் கேட்டேன்.

“வந்துச்சு. ஒவ்வொண்ணு கையிலயும் பிளாஸ்க்கு” என்றார். “நம்ம எதிர்வீட்டுத் திலகா அனுப்பினது கழுத்துல அட்டை மாட்டியிருந்துச்சு. கருப்பட்டி கம்மியா போடணுமாம்.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் பானையைக் கழுவாமல் வெகுநேரம் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

நடையாட்கள் எப்படி மலையேறின என்பதை இங்கே சொல்ல வேண்டும். சமதளத்தில் அவற்றுக்கு வரைபடம் போதும். மலைப்பாதையில் ஒவ்வொரு மழைக்கும் கல் புரளும், வேர் எழும்பும், எதுவும் நேற்றுப்போல் இருக்காது. அதனால் அவற்றுக்குள் ‘முன்நடைப் பயிற்சி’ என்ற ஏற்பாடு இருந்தது. முன்னால் ஒரு மனிதர் நடந்தால், அவர் எங்கே கால் வைக்கிறார், எங்கே நிதானிக்கிறார் என்று பார்த்து நடையாள் கற்றுக்கொள்ளும். எது தேவையான அசைவு, எது அந்த ஆளின் பழக்கம் என்று பிரித்தறிய அதனால் முடியாது. எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளும்.

சோலைப்பாதையில் தினமும் நடந்த மனிதர் ஒருவர்தான்.

இன்னாசிக்கு இடது கால் சற்று இழுக்கும். செங்குத்தான ஏற்றத்தின் தொடக்கத்தில் நிற்கும் குங்கிலிய மரத்தை ஒருமுறை உள்ளங்கையால் தொட்டுவிட்டுத்தான் ஏறுவார். மூக்குப்பாறைக்கு வந்ததும் பள்ளத்தாக்கைப் பார்த்துக் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார். கொஞ்ச காலத்தில் குங்கிலியமேட்டின் நடையாட்கள் எல்லாமே இடது காலை இழுத்தன. வரிசையாக அந்த மரத்தைத் தொட்டன. பாறையில் கைகட்டி நின்றன.

முழங்கால் அறுவைக்குப் பிறகு எனக்கும் ஒரு நடையாள் வந்தது. மருத்துவர் அனுமதித்ததுதான். இன்னாசி அதற்கு ‘சின்ன லூர்து’ என்று பெயர் வைத்தார். லூர்து என் பெயர். காலையில் கிளம்பும்போது வாசலில் நின்று, “வாங்கம்மா, போலாம்” என்று அதைக் கூப்பிடுவார்.

“என்னை ஒரு நாளாவது இப்படிக் கூப்பிட்டிருக்கீங்களா?” என்பேன்.

“நீ எதிர்த்துப் பேசுவ. இது பேசாது” என்பார். பிறகு படியிறங்கியவர் திரும்பிப் பார்த்து, “வீட்டிலேர்ந்து ஒரு ஆளு கூட வருதுன்னு நெனச்சுக்கறேன்” என்பார்.

மார்கழியில் ஒரு நாள் காலை. நான் வேலைபார்க்கும் பள்ளி நூலகத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். திலகா எதிர்வீட்டிலிருந்து வந்தாள்.

“அக்கா, பாதையில ஏதோ அடைப்பு போல. என் கணக்கு ஏறவே மாட்டேங்குது. ஊருல எல்லாருக்குமே நின்னு போச்சாம். நகராட்சிக்குப் போன் பண்ணிக்கிட்டே இருக்காங்க. அண்ணனை என்னன்னு பார்க்கச் சொல்லுங்களேன்.”

இன்னாசி போனை எடுக்கவில்லை. நான் ஒரு கம்பை ஊன்றிக்கொண்டு ஏறினேன்.

மூக்குப்பாறையில் அவர் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். முகவாய் நெஞ்சில் படிந்திருந்தது. அவருக்குப் பின்னால் ஊர் நடையாட்கள் அத்தனையும் பள்ளத்தாக்கைப் பார்த்துக் கைகட்டி நின்றன. முன்னால் போனவர் எழுந்தால் போகலாம் என்று காத்திருந்தன. வரிசையில் முதலாவது சின்ன லூர்து. அதன் மணிக்கட்டில் என் நாடி நிதானமாகத் துடித்துக்கொண்டிருந்தது.

அடக்கத்துக்கு ஊரே கலந்துகொண்டது. நேரில் வந்தவர்கள் கோயிலில் இரண்டு பெஞ்சில் அடங்கினார்கள்.

அடுத்த வாரமே சிக்கல் தொடங்கியது. நடையாட்கள் வழக்கம்போலப் போயின, மரத்தைத் தொட்டன, பாறையில் நின்றன. நின்றவை நகரவில்லை. கடைசி நாளின் பாடத்தை அவை நன்றாகக் கற்றிருந்தன. சில மதியம் வரை நின்றன, சில வெயில் சாயும் வரை. ஊரில் எல்லோருடைய நடைக்கணக்கும் குறைந்தது.

நான் ஒவ்வொரு நாளும் பாதை தொடங்கும் இடம் வரை போய் ஒரு கல்லில் உட்கார்ந்துகொள்வேன். ஏற்றத்தில் அந்த இடது கால்கள் இழுபடும் ஓசை கேட்கும். கண்ணை மூடினால் அவர் போய்க்கொண்டிருப்பார். பலமுறை போய்க்கொண்டிருப்பார்.

குடியிருப்போர் சங்கம் கூட்டம் போட்டது. வழக்கமாகக் கூட்டத்துக்கு வராதவர்களும் வந்திருந்தார்கள். விஷயம் நெஞ்சு சம்பந்தப்பட்டது. கீழே நடையாள் சேவை மையத்திலிருந்து ஃபைரோஸ் என்ற பெண் பொறியாளரை வரவழைத்திருந்தார்கள். தலைவர் பால்வண்ணன், லாட்ஜ் நடத்துகிறவர், அவசரமாகப் பேச்சைத் தொடங்கினார்.

“இதை அழிச்சிட்டு புதுசா ஏத்திட முடியாதா மேடம்?”

“அழிச்சிடலாம் சார். அழிச்சா மலையேறவே தெரியாது. திரும்ப யாராவது முன்னால நடந்து காட்டணும்.”

“அவ்வளவுதானே? நல்லா நடக்கற ஆளா ஒருத்தனைக் கூலிக்குப் போட்டுடறேன்.”

“ஒரே ஆள் பின்னால எல்லாத்தையும் விட்டதாலதான் எல்லாம் ஒண்ணாப் போய் நிக்குது. அந்தக் கூலி ஆளு எங்கயாவது குந்திட்டான்னா?” என்றாள் ஃபைரோஸ். “அவங்கவங்க நடையாளுக்கு முன்னால அவங்கவங்களே நடங்க. ஒரு வாரம் போதும்.”

கூடத்தில் பேச்சு அடங்கிப்போனது. என் வீட்டுச் சாவுக்குக்கூட அவ்வளவு அமைதி இருக்கவில்லை.

நான் எழுந்தேன். கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லை.

“அழிக்க வேண்டாம். அந்த மரத்தைத் தொடறது, காலை இழுக்கறது, அதெல்லாம் அவரோடது. அவர் நடை இனிமே வேற எங்கயும் இல்ல. கொஞ்ச நாள் விட்டு வைங்க.”

யாரும் முகம் சுளிக்கவில்லை. திலகாதான் என் கையைப் பிடித்துக்கொண்டாள். “அக்கா, அண்ணன் என் கல்யாணத்துக்குப் பந்தக்கால் நட்டவரு. நான் மறப்பனா? ஆனா எங்க வீட்டுக்காரருக்கு நெஞ்சுல கம்பி வெச்சிருக்கு. நாளைக்கு ஒண்ணு ஆகி, வரிசையில பின்னால தள்ளிட்டா நான் என்ன பண்ணுவேன்?”

அவள் பயம் நிஜம். ‘அவரை நடக்கச் சொல்லு’ என்று இன்னாசி இருந்தால் பதில் சொல்லியிருப்பார். நான் உட்கார்ந்துவிட்டேன்.

“லூர்தக்கா, பாறைக்கு அண்ணன் பேரையே வெச்சிடுவோம்” என்றார் பால்வண்ணன். “உங்களோடதை நீங்க அழிக்க வேண்டாம். ஒண்ணு நின்னா என்ன வந்துது.”

அன்றைக்கே மற்ற எல்லாவற்றையும் அழித்தார்கள்.

அடுத்த வாரம் குங்கிலியமேடு, அதன் நினைவில் முதல்முறையாக, சோலைப்பாதையில் இறங்கியது. இன்னாசி ஆயுள் முழுக்கப் பார்க்க ஆசைப்பட்ட காட்சி. தொப்பியும் கம்பளிச் சட்டையுமாகக் குடும்பம் குடும்பமாக வந்தார்கள். லாட்ஜில் தங்கியிருந்தவர்களையும் பால்வண்ணன் வாடகை நடையாட்களுக்கு முன்னால் நடக்கச் சொல்லி அனுப்பியிருந்தார். மரங்களின் பெயரெழுதி இன்னாசி பாதையோரம் வைத்திருந்த பலகைகளை யாராவது படிக்கிறார்களா என்று பார்க்க நானும் கல்லில் உட்கார்ந்திருந்தேன்.

தலை குனிந்து போனார்கள். ஒவ்வொருவர் கண்ணும் மணிக்கட்டில் இருந்தது. இடையிடையே திரும்பி, தன் நடையாள் பின்னால் வருகிறதா என்று பார்த்துக்கொண்டார்கள். காதுக்கருவியில் தொலைவிலிருக்கும் யாருடனோ பேசிக்கொண்டே மூச்சு வாங்கினார்கள். குங்கிலிய மரத்தைக் கடந்தபோது மேலே சோலைக்குருவி சீழ்க்கையடித்தது.

“யாரு பாட்டு வெச்சது? கொஞ்சம் குறைங்கப்பா, போன்ல கேக்கல” என்றார் திலகாவின் கணவர்.

மூக்குப்பாறைக்கு வந்தவர்கள் பள்ளத்தாக்குக்கு முதுகைக் காட்டி நின்று, கையை உயர்த்தி, முகத்தைச் சற்றுச் சாய்த்து, தங்களைப் படம் எடுத்துக்கொண்டார்கள். சரியாக வந்திருக்கிறதா என்று குனிந்து பார்த்தார்கள். உடனே இறங்கினார்கள். கீழே மேகம் போனது. பின்னால் நின்ற நடையாட்கள் எல்லாவற்றையும் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தன.

வாரம் முடிந்ததும் வாசல்கள் மறுபடி சாத்திக்கொண்டன. நடையாட்கள் தனியே கிளம்பின. காலை இழுக்கவில்லை. மரத்தைத் தொடவில்லை. தலையைக் குனிந்து மணிக்கட்டைப் பார்த்தபடி விரைந்தன. பாறைக்கு வந்ததும் ஒவ்வொன்றும் பள்ளத்தாக்குக்கு முதுகைக் காட்டி நின்று, வெறும் கையை உயர்த்தி, தலையைச் சற்றுச் சாய்த்து, பிறகு குனிந்து பார்த்துவிட்டு இறங்கியது. யாருக்கும் நேரம் வீணாகவில்லை. ஊரின் கணக்கு முன்னெப்போதையும்விட ஏறியது. அதிகம் பேர் இயற்கையை அனுபவிக்கும் மலையூர் என்று அந்த ஆண்டு குங்கிலியமேட்டுக்கு அரசு கேடயம் கொடுத்தது. அதைப் பாறையருகில், இன்னாசியின் பெயர்ப்பலகைக்குக் கீழேயே பதித்தார்கள்.

சில நாள் கழித்துப் பால்வண்ணன் வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

“தப்பா நினைக்காதீங்கக்கா. உங்களோடது பாறை நடுவுல போய் நிக்குது. மத்ததெல்லாம் சுத்திப் போக வேண்டியிருக்கு. மோதி ரெண்டு விழுந்திருக்கு. நீங்களும் ஒரு வாரம் முன்னால நடந்து காட்டி அதைத் திருத்திட்டா…”

“நடந்து காட்டறேன்” என்றேன்.

மறுநாள் காலை கம்பை எடுத்துக்கொண்டேன். சின்ன லூர்து வாசலில் நின்றது. நான் முன்னால் போக வேண்டும், அது பின்னால் வர வேண்டும். ஆனால் முந்தைய நாள் மழை பெய்திருந்தது. எந்தக் கல் ஆடும், எந்த வேர் வழுக்கும் என்று எனக்குத் தெரியவில்லை.

“வாங்கம்மா, போலாம்” என்றேன். அதை முன்னால் போகவிட்டேன்.

அது இடது காலை இழுத்து நடந்தது. அது கால் வைத்த இடத்தில் நானும் வைத்தேன். புரண்ட கல் வந்தபோது அவர் செய்வதைப் போலவே பக்கவாட்டில் திரும்பி, அழுத்திப் பார்த்து, பிறகு ஏறியது. நானும் அப்படியே ஏறினேன். முழங்கால் வலித்தது. வலித்த காலை இழுத்துக்கொண்டேன். குங்கிலிய மரத்தை அது தொட்டது. அது கையை எடுத்த இடத்தில் என் கையை வைத்தேன். அங்கே மட்டும் பட்டை வழுவழுப்பாக இருந்தது.

பாறையில் அது கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றது. கம்பைக் கீழே வைத்துவிட்டு நானும் கட்டிக்கொண்டேன். பள்ளத்தாக்கில் மேகம் மெல்லப் பிரிந்து, கீழே ஏதோ ஓர் ஏரி வெளிச்சமாகத் தெரிந்தது. இத்தனை வருடம் அவர் எதைப் பார்த்துக்கொண்டு நின்றார் என்று கேட்க நினைத்ததுண்டு. இனிக் கேட்க வேண்டியதில்லை.

எங்களைச் சுற்றி மற்றவை வந்து, முதுகைத் திருப்பி, கையை உயர்த்தி, குனிந்து, போய்க்கொண்டிருந்தன. ஒன்று என் தோளில் இடித்துவிட்டுப் போனது. திலகா வீட்டினுடையதாக இருக்கும்.

அன்று காலை மூக்குப்பாறையில் ஊர் முழுக்க நின்றது. பள்ளத்தாக்கைப் பார்த்து நின்றவர்கள் இரண்டே பேர். அதில் ஒருவருக்குக் கண்ணாடியில் செய்த கண்.