இருபத்து நான்காவது பிளக்

நான்கு எலுமிச்சம்பழங்களும் நசுங்கிக் கிடந்தன.

காலையில் ஆயுத பூஜை முடிந்ததும் காரின் நான்கு சக்கரங்களுக்கு முன்னாலும் அவற்றை வைத்தவள் உமாமகேஸ்வரிதான். வேறு வண்டியென்றால் கற்பூரம் அணைவதற்குள் ஏற்றி நசுக்கியிருப்பார்கள். இதை மட்டும் மறுநாள் மறுபூஜைக்குப் பிறகு நாலு பேரை வைத்துத் தள்ளிக்கொள்ளலாம் என்று பேச்சு. இப்போது மணி மூன்று. பொரிகடலைத் தட்டை எடுக்கப் பட்டறைக்குள் வந்தவள் தரையில் ஈரம் காயாத சாற்றைப் பார்த்தாள். காரோ வைத்த இடத்திலேயே நின்றது. சக்கரத்துக்கும் பழத்துக்கும் நடுவே காலையில் இருந்த அதே ஒரு சாண் இடைவெளி.

கொம்யூன் பஞ்சாயத்தில் பிறப்புச் சான்றிதழ் பார்க்கிறவள் அவள். பெயரில் ஒரு கால் விடுபட்டிருந்தாலும் கண்ணில் பட்டுவிடும். மத்தியானம் அவள் கோயிலுக்குப் போயிருந்த நேரத்தில் யாரோ காரை ஓட்டிவிட்டு, ஒன்றும் தெரியாததுபோலப் பின்னால் எடுத்து நிறுத்தியிருக்கிறார்கள். யாரோ என்ன யாரோ! இந்த வீட்டில் அவளும் புருஷன் ஜெயபிரகாஷும்தான்.

பாரீஸில் இருக்கும் ஒரு காரைக்கால்காரர் சரிசெய்யச் சொல்லி அனுப்பிய கார் அது. நூறு வருஷத்துப் பழைய உடம்பு. அதற்குள் ஏதோ ஒரு சண்டை விமானத்தின் எஞ்சினைத் திணித்திருந்தார்கள். ஒரு ஆள் படுக்கிற நீளம், பன்னிரண்டு சிலிண்டர், பக்கத்துக்கு ஆறாக வெளியே நீட்டிய புகைக்குழாய்கள். ஆடி மாதம் ஜெயபிரகாஷ் அதை முதல் தடவை ஓடவிட்டபோது எதிர்வீட்டு ஜன்னல் கண்ணாடி விழுந்தது. அவனுடைய இடது காதிலிருந்து ரத்தம் வந்தது. அந்தக் காது போயே போய்விட்டது. இன்னொரு தடவை அந்தச் சத்தம் கேட்டால் வலதும் போகும் என்றார் டாக்டர். இனி ஓடவிடுவதில்லை என்று அவள் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்திருந்தான்.

உமா எஞ்சின் மூடியைத் தொட்டாள். வெதுவெதுப்பாக இருந்தது, காய்ச்சல்காரன் நெற்றி மாதிரி.

வீட்டுக்குள் அவன் படுத்திருந்தான். வலது காதருகே குனிந்தாள்.

"ஏங்க, வண்டிய எடுத்தீங்களா?"

"டேங்க்ல சொட்டு பெட்ரோல் கிடையாது. எப்புடி எடுக்குறது?"

"அப்ப பழம் எப்புடி நசுங்குச்சு?"

"சத்தியம் பண்ணியும் சந்தேகப்பட்டா நான் என்னதான்மா பண்றது?"

அவள் கண்ணைப் பார்க்காமலே சொல்லிவிட்டு, வலது காதைத் தலையணையில் புதைத்துப் படுத்துக்கொண்டான். இனி இடி விழுந்தாலும் அவனுக்குக் கேட்காது. பிளக்குகளைக் கழற்றி அரிசி டிரம்மில் போட்டுவிட்டால் எப்படி ஓட்டுவான், பார்க்கலாம்.

பிளக் ஸ்பானர் பூஜைப் பலகையில் சந்தனமும் குங்குமமுமாகக் கிடந்தது. பூஜையில் வைத்த ஆயுதத்தை மறுபூஜைக்கு முன்னால் எடுக்கக் கூடாது. அது அவளுக்குத் தெரியாதா? காலையிலிருந்து அரிவாள்மனையைக்கூட அவள் தொடவில்லை. ஆனால் சாமியிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்ளலாம், போன காதை யாரிடம் போய்க் கேட்பது? மேலே கிடந்த பூவைத் தள்ளிவிட்டு எடுத்தாள்.

அன்று கோட்டுச்சேரியில் லேத்து, அரைவை மில், வெல்டிங் எதுவும் ஓடவில்லை. ஐப்பசி மழை மட்டும் ஆஸ்பெஸ்டாஸ் கூரையில் சீராகப் பெய்துகொண்டிருந்தது. கரண்ட் இல்லை. பழைய எண்ணெயும் அணைந்த ஊதுவத்தியும் கலந்த வாடை. சிலிண்டருக்கு இரண்டாக இருபத்து நான்கு பிளக்குகள். தப்பக் கூடாதென்று வாய்விட்டு எண்ணியபடி ஒவ்வொன்றாகக் கழற்றி மடியில் போட்டாள்.

"ஒண்ணு... ரெண்டு..."

ஒவ்வொரு ஓட்டையிலிருந்தும் சூடான காற்று கொஞ்சம் வந்து விரலில் பட்டது. பத்தாவதில் தன் குரல் கம்மிப்போனதாகத் தோன்றியது. மழைச் சத்தம் என்று நினைத்தாள். பதினெட்டில் அவள் உதடு அசைந்தது அவளுக்கே சரியாகக் கேட்கவில்லை. இருபத்து நான்கைக் கழற்றி, கை துடைத்த துணியை எஞ்சின்மேல் போட்டாள்.

துணி ஓட்டைக்குள் இழுபட்டது. பிறகு வெளியே தள்ளப்பட்டது. மறுபடி இழுபட்டது.

மழை நின்றது.

"ஒண்ணு," என்றது முதல் புகைக்குழாய்.

அவள் குரல்.

"ரெண்டு."

அவள் எண்ணிய அதே இழுப்பு. உமா பின்னால் நகர்ந்தாள். மடியிலிருந்த பிளக்குகள் சிதறின. தரையில் விழுந்த சத்தம் கேட்டது. அப்படியானால் அவள் காது நன்றாகத்தான் இருக்கிறது; போனது குரல்தான்.

"ஏங்க," என்றது குழாய். "இங்க வாங்களேன்."

இடி விழுந்தாலும் கேட்காதவன் வாசலில் வந்து நின்றான். தூக்கக் கலக்கம் முகத்தில். கேட்காத இடது காதை முன்னால் நீட்டியபடி.

"உமா? எங்கம்மா இருக்க?"

அவள் குறுக்கே போய் நின்று அவன் சட்டையைப் பிடித்தாள். ஈரத் துணியை ஒதுக்குவதுபோல அவள் கையை எடுத்துவிட்டு, அவளைத் தாண்டிக் காரைப் பார்த்துச் சிரித்தான்.

"இதோ வந்துட்டேன்."

அவன் இதைத் திருட்டுத்தனமாக ஓட்டவேயில்லை. பழத்தை நசுக்கியது இந்த வண்டியேதான்; அவள்தான் வீணாகச் சந்தேகப்பட்டாள்.

அவன் மண்டியிட்டான். முதல் குழாயின் வாயில் தன் வலது காதை வைத்தான். மிச்சமிருந்த ஒரே காதை.

"சொல்லு உமா."

அவள் இருந்த மூச்சையெல்லாம் கூட்டிக் கத்தினாள்.

"வேண்டாங்க!"

அவள் வாயிலிருந்து ஒன்றும் வரவில்லை. பன்னிரண்டு குழாய்களும் ஒரே நேரத்தில் அதைக் கத்தின. கூரை ஒடிந்து விழுந்தது. அவள் வாயைப் பொத்தினாள். குழாய்கள் நிறுத்தவில்லை.

காதிலிருந்து வழிந்த ரத்தம் சட்டைக் காலரை நனைக்க, ஜெயபிரகாஷ் குழாயை விட்டுத் தலையை எடுக்காமல், சிரித்த முகமாக, "ம்... ம்... சொல்லும்மா," என்று கேட்டுக்கொண்டேயிருந்தான்.