வலது மடிப்பு

மழை விடாமல் பெய்த அந்தி நேரத்தில், சகுனோஜோ தன் வீட்டுப் பின்கதவை நகத்தால் சுரண்டினான். அவன் எப்போதும் அப்படித்தான் கூப்பிடுவான். அவன் மனைவி கினுவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

கோட்டை விழுந்துவிட்டது. வீரம் பேசிய பிரபு சத்தமில்லாமல் சரணடைந்துவிட்டார். அவருக்காக வாளெடுத்த சாமுராய்களைத்தான் புது அரசாங்கத்துச் சிப்பாய்கள் துப்பாக்கியோடு வீடுவீடாகத் தேடினார்கள். அதனால் அவள் விளக்கேற்றவில்லை.

"ஏங்க, உசிரோட இருக்கேன்னு ஒரு வார்த்தை சொல்லி அனுப்பக் கூடாதா?"

"குளிருது, கினு."

அவன்மேல் ஆற்றுச் சேற்றின் வாடை அடித்தது. அவனுடைய ஈர உடையைக் களைந்து, உலர்ந்த கிமோனோவை உடுத்திவிட்டு, இருட்டில் தடவித் தடவி இடுப்புக்கச்சையை முடிந்தாள். கடைசியாகக் கழுத்தோரம் தொட்டுப் பார்த்தவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

வலது மடிப்பு மேலே இருந்தது.

"ஐயய்யோ, என் புத்தியில இடி விழ! பொணத்துக்குக் கட்டுற மாதிரி கட்டிட்டேனே. இருங்க, இடதை மேல போட்டுக் கட்டிடறேன்."

அவன் அவள் கையைப் பிடித்தான்.

"சரியாத்தான் கட்டியிருக்க."

"வாயில நல்ல வார்த்தையே வராதா உங்களுக்கு?"

"போருக்குப் போறப்ப, எங்க போனாலும் கூட்டிட்டுப் போங்கன்னு சொன்னியே. இப்பவும் வருவியா?"

"இதென்ன கேள்வி? வருவேன்."

"சரி."

எங்காவது வடக்கே ஓடிப் பிழைத்துக்கொள்ளலாம் என்ற சந்தோஷத்தில் அவள் தூங்கிப்போனாள்.

விடிந்தபோது அவன் இல்லை. பாயில் அந்தக் கிமோனோ சொட்டச் சொட்ட நனைந்து கிடந்தது.

அவள் போட்ட முடிச்சு அவிழவில்லை.

அவசரமாக உடை மாற்றிக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். அங்கே தெய்ஜிரோ நின்றிருந்தான். சகுனோஜோவோடு போருக்குப் போனவன். கையில் காகிதத்தில் சுற்றிய ஒரு குடுமி மயிர்.

"அண்ணி, இது அண்ணனோட குடுமி. போன மாசமே ஆத்தைக் கடக்கறப்ப குண்டு பட்டுடுச்சு. வேற துணி இல்ல. போட்டிருந்ததையே வலதை மேல மடிச்சு, நான்தான் கரையில பொதைச்சேன்."

சொல்லிக்கொண்டே வந்தவன் அவள் கழுத்தைப் பார்த்து நிறுத்தினான்.

"அண்ணி... ஏன் இப்படிக் கட்டியிருக்கீங்க?"

கினு குனிந்து பார்த்தாள். இவ்வளவு வெளிச்சத்தில், தன் கையாலேயே கட்டிய உடை. பதறி அவிழ்த்து, இடதை மேலே இழுத்து, இறுக்கிக் கட்டினாள். மறுபடி பார்த்தாள்.

வலது மடிப்புதான் மேலே இருந்தது.

பின்கதவை யாரோ நகத்தால் சுரண்டினார்கள்.