கிஷனின் வலது காது

சனிக்கிழமை, மாலை ஐந்து மணி. குன்னூரிலிருந்து இறங்கிய கார் பீளமேட்டு வீட்டு வாசலில் நின்றது. பங்காரம்மா வர்க்கி பிஸ்கட் பொட்டலத்தோடு இறங்கியவள், அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள்.

“காசுமாலையக் காணோமுங்க ராமாமணி. பீரோவுல வெறும் துணிப்பை கெடக்குது.”

பக்கத்து வீட்டு ராமாமணிக்கு இதைவிட நல்ல சனிக்கிழமை வாய்த்ததில்லை. பாலக்காட்டுக் காற்று தெருவை ஈரத்துணியாய்ச் சுற்றியிருந்தது. மேகத்துக்குள்ளிருந்து விமானங்கள், கனவில் வருவதுபோல, சத்தம் முந்தி உருவம் பிந்தி இறங்கிக்கொண்டிருந்தன.

பங்காரம்மாவுக்கு லாக்கர்மேல் நம்பிக்கை கிடையாது. தன் அம்மாவின் காசுமாலையைக் குன்னூர் பங்களாவில்தான் வைத்திருந்தாள். நாளை மகள் தேஜஸ்ரீயின் நிச்சயத்துக்கு அது வேண்டும். எந்தப் பூட்டும் உடையவில்லை. குரங்குக் குல்லாப் போட்ட யாரோ நேற்று நண்பகலில் சாவி போட்டுத் திறந்ததை அடுத்த தோட்டத்துக்காரர் பார்த்திருக்கிறார். பனிமூட்டத்தில் ஆணா பெண்ணா என்றுகூடத் தெரியவில்லையாம். சாவிக்கொத்து எப்போதும் தொங்குவது பீளமேட்டுப் பூஜையறை ஆணியில்.

நேற்று பங்காரம்மா, கணவர் பாலகோபால், மகள் மூவரும் காரமடையில் அழைப்பு வைக்கப் போயிருந்தார்கள். மகன் ரவிதேஜா ஆபீஸில். வீட்டில் மிச்சம் இரண்டு பேர். ஒன்று, மருமகள் சாய்ப்ரியா. இன்னொன்று, நாலைந்து நாள் சளியோடு மாடியில் படுத்திருந்த பங்காரம்மாவின் தம்பி கிஷன்.

விசாரணையை ராமாமணியே எடுத்துக்கொண்டாள். யாரும் கொடுக்கவில்லை. முதலில் சாய்ப்ரியா.

“நேத்து எங்க இருந்தே கண்ணு?”

“கீழ் ரூம்லதானுங்க ஆன்ட்டி. மழைச் சத்தத்துல தூங்கிப்போட்டேன். முழிச்சப்ப சாயங்காலமுங்க.”

“யாரு பார்த்தா?”

சாய்ப்ரியா மாமியாரைப் பார்த்தாள்.

மாடிப்படியில் நின்று கிஷன் கத்தினான். “ரசங் கேட்டு ரெண்டு தரம் கூப்பிட்டேன்! ஊட்டுல ஆளே இல்லீங்க்கா!” தெருமுனை வரை கேட்டிருக்கும்.

“நீ எங்கியும் போகலியா?”

“ஆங்?” இடது காதைத் திருப்பினான்.

பங்காரம்மா குறுக்கே வந்தாள். “அவம் போயிருந்தா வர்க்கி வாங்காமயா வருவான்? எங்கூட்டுல வர்க்கியில்லாம மலையெறங்குனவங்க யாருங்க?”

அந்த வீட்டில் அது அசைக்க முடியாத சாட்சி. தீர்ப்பும் அவளிடமிருந்தே உடனே வந்தது. “பொட்டியக் கட்டும்மா. நாளைக்குச் சம்பந்தி வர்றதுக்குள்ள கருமத்தம்பட்டி அம்மா ஊட்டுக்கே போயிரு.” ரவிதேஜா தரையைப் பார்த்தான்.

சாய்ப்ரியாவின் கதவு சாத்திக்கொண்டது. சுவருக்கு அந்தப்புறம் அழுகை கேட்டது. எல்லோரும் தலைகுனிந்தார்கள். கிஷன் மட்டும் மூக்கைப் பிடித்துக்கொண்டு எச்சில் விழுங்கிக்கொண்டிருந்தான்.

ராமாமணிக்கு வியாழக்கிழமை நினைவு வந்தது. ‘ஒரு சளிக்கு இத்தனை நாள் கட்டிலா?’ என்று அவள் வாசல் கேட் பக்கத்தில் கிசுகிசுத்ததற்கு, மாடியிலிருந்தே “காது கேக்குதுங்க்கா!” என்று பதில் சொன்னவன் இவன்தான்.

“வலிக்குதா கிஷனு? வா, காட்டிட்டு வந்தர்லாம்.”

தெருவின் காது மூக்கு டாக்டர் ஹர்ஷிணி வலது காதுக்குள் விளக்கடித்துப் பார்த்தாள். “எப்பருந்துங்க வலி?”

“நேத்து சாயங்காலத்துலருந்துங்க!”

“செவிப்பறையில ரத்தம் கட்டியிருக்குதுங்க. இடது காதும் லேசா அடைச்சிருக்குது. எந்த ஃப்ளைட்ல வந்தீங்க?”

“ஃப்ளைட்டா? கட்டில உட்டே எறங்கலீங்க டாக்டர்!”

ராமாமணி சாரலில் மெதுவாகத் திரும்பி நடந்தாள். கால் தரையில் பாவவில்லை.

இரவு ஏழரை மணி. எல்லோரும் கூடத்தில் இருந்தார்கள்.

“காசுமாலைய எங்க வெச்சிருக்கற கிஷனு?”

ராமாமணி மென்மையாகத்தான் கேட்டாள். கூடமே விறைத்தது. கேட்காதவன் கிஷன் ஒருவன்தான்.

“மலை மேல காத்தோட அழுத்தம் கம்மிங்க,” என்றாள் மற்றவர்களிடம். “கீழ எறங்க எறங்க அது கூடிச் செவிப்பறைய உள்ள தள்ளும். நமக்கெல்லாம் மூக்கு வழியா உள்ளயும் காத்துப் போயி, ‘டப்’புனு உட்டுரும். சளிக்காரனுக்கு அந்த வழி அடைச்சிருக்கும். செவிப்பறை இழுபட்டு ரத்தங் கட்டிக்கும். வெறுஞ் சளின்னா டாக்டரம்மா ஃப்ளைட்டப் பத்தி எதுக்குங்க கேக்கறாங்க? வியாழக்கிழமை நல்லாக் கேட்ட காது, வெள்ளிக்கிழமை சாயங்காலம் அடைச்சிருக்குது. ஃப்ளைட் ஏறாத ஆளு ஆறாயிரம் அடி ஒசரத்துலருந்து எறங்கோணும்னா குன்னூர் மலை ரோடுதானுங்க. வர்க்கிய அவன் மறக்கலீங்க. வாங்குனா மாட்டிக்குவான்னுதான் வாங்கல.”

எல்லா முகமும் தன்மேல் திரும்பியதைப் பார்த்துக் கிஷனுக்கு விஷயம் புரிந்தது. ஏதோ சொல்ல வாயை அகலத் திறந்தான். கொட்டாவிதான் வந்தது.

டப்.

தண்ணீருக்கடியிலிருந்து தலை தூக்கியவன்போல் விழித்தான். மழை, விமானம், சுவர்க்கடிகாரம் எல்லாம் ஒருசேர உள்ளே கொட்டின. கூடவே, சுவருக்கு அந்தப்புறத்து அழுகை.

“அந்தப் புள்ள… எப்பருந்து அழுவுது?”

“அஞ்சு மணியிலருந்து,” என்றாள் ராமாமணி.

அவன் மாடிக்குப் போய்க் குரங்குக் குல்லாவை எடுத்து வந்து அக்கா மடியில் வைத்தான். உள்ளே காசுகள் குலுங்கின. “எனக்குந்தான் அவங்க அம்மா. எம்மவ வர்ஷினிக்கு அதுல ஒத்தக் காசுகூட வரலீங்க்கா.”

பங்காரம்மா குல்லாவைக் கீழே வைத்தாள். பிறகு, என்ன தோன்றியதோ, ஒரு தட்டில் வர்க்கியை அடுக்கிக்கொண்டு போய் மருமகள் கதவைத் தட்டினாள்.

“அம்மணி… கதவத் தெற சாமி.”

அழுகை நின்றது. தாழ்ப்பாள் அசையவில்லை.

ராமாமணி கிளம்பவும் இல்லை. அந்தத் தாழ்ப்பாள் விலகும் சத்தத்தைக் கேட்காமல் போக, அவள் காது ஒன்றும் அடைத்திருக்கவில்லை.