விதிமீறல் இல்லை

காதில் மாட்டிய ஹெட்போனில் கேட்ட ஓலம் கோகிலவாணிக்குப் புரிந்தது. அப்படிப் புரிந்திருக்கக் கூடாது.

கணியம்பாடியின் அந்த மாடியறையில், வெளிநாட்டுக் கம்பெனி ஒன்றுக்காக, யாராரோ எங்கெங்கோ அடித்துக்கொள்ளும் வீடியோக்களைப் பார்த்து நீக்குவதுதான் அவள் வேலை. தெரியாத மொழிகளில் கதறுவார்கள், அவள் 'நீக்கு' என்று அழுத்துவாள், சூடேறிய கணினிகளின் பிளாஸ்டிக் வாடை மூக்கில் படிந்திருக்க அடுத்தது வந்து நிற்கும். இந்தப் பெண்ணோ, "வூட்டுக்குப் போலாம், வுடு" என்றாள்.

நேரலை. ஜவ்வாது மலைச் சரிவில், வெயிலில் சரசரக்கும் சாமைக் கொல்லை. பாறைமேல் சாய்த்து வைத்த போனுக்கு முன்னால் ஒருவன் ஒருத்தியின் தலைமுடியைப் பிடித்து இழுத்து வந்தான். அவள் முகம் திரும்பியது.

மங்கம்மாள். கோகிலவாணியின் அக்கா.

இழுத்தவன் அக்கா புருஷன் சந்திரன். கையில் கொடுவாள்.

"எல்லாரும் பாத்துக்குங்க" என்றான் போனைப் பார்த்து, நிதானமாக. "என்னை வுட்டுட்டுப் போறாளாம்."

கோகிலவாணி 'நீக்கு' அழுத்தினாள். நேரலைகளில் கம்பெனியின் இயந்திரம்தான் முடிவெடுக்கும். அதன் பதில் திரையில் வந்தது: மொழி தெரியவில்லை. விவசாயக் கருவி. விதிமீறல் இல்லை.

மறுபடி அழுத்தினாள். விதிமீறல் இல்லை.

"சார், எங்க அக்கா சார். இத நிறுத்துங்க."

மேற்பார்வையாளர் புருஷோத்தமன் ஓடி வந்து பார்த்தார். முகம் வெளிறிவிட்டது. "நம்ம கைல இல்லம்மா. கம்பெனிக்காரங்கதான் நிறுத்தணும். அங்க இப்ப ராத்திரி, எல்லாரும் தூங்குவாங்க."

"என் போனக் குடுங்க."

ஊழியர்களின் போன்கள் அலமாரியில் பூட்டிக் கிடந்தன. அவர் சாவியைத் தேடினார். அதற்குள் கொடுவாள் தோளில் இறங்கியது. மட்டை பிளக்கும் சத்தம். மங்கம்மாள் எழுந்து ஓடினாள். ஒரு கை தொங்கியது. நாலடி. விழுந்தாள். சந்திரன் அவசரப்படவில்லை. கழுத்து. முதுகு. மறுபடி கழுத்து.

போன் கைக்கு வந்தது. போலீசை அழைத்தாள்.

"எந்த ஊரும்மா?" என்றது ஒரு குரல். அவள் சொன்னாள். "மலை ஏறி வர ஒரு மணி நேரம் ஆவும்."

சந்திரன் கொடுவாளைச் சாமைத் தாளில் துடைத்துவிட்டுப் போய்விட்டான். போன் பாறைமேல் அப்படியே இருந்தது. ஒன்பதாயிரம் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

திரையில் மணி அடிக்கும் ஓசை. திரையின் மேலிருந்து மஞ்சள் பூக்கள் உதிரத் தொடங்கின. கொல்லையையும் கொடுவாளையும் கண்டு இயந்திரம் தானாகவே போட்டது. நாதஸ்வரம் எழுந்தது. 'இனிய அறுவடை வாழ்த்துகள்.'

பூக்களுக்கு அடியில், சிவந்த தாள்களுக்கு நடுவே, மங்கம்மாளின் விரல்கள் இன்னும் மண்ணைப் பிராண்டிக்கொண்டிருந்தன.